காணுமுன்பே கண்ட மலை

வன்னியில் வளர்ந்த பிள்ளையிடம் உயரமான இடம் எது என்று கேட்டால் குளக்கட்டைத்தான் காட்டும். இரணைமடுக் கட்டில் ஏறி நின்றால் ஒரு பக்கம் நீர், மறுபக்கம் வயல், அதற்கப்பால் பாலையும் வீரையும் நிறைந்த காடு. மலை என்று சொல்ல எதுவும் கண்ணில் படாது. ஆனாலும் மலை எப்படி இருக்கும் என்று கேட்டால் அதே பிள்ளை தயங்காமல் விடை சொல்லும்: படிப்படியாகத் தேயிலை, வெள்ளைக் கோடாக ஓர் அருவி, வளைந்து செல்லும் புகையிரதம். தேநீர்க்கடைக் கலண்டரிலும், ஸ்ரூடியோவின் பின்திரையிலும், சுவிஸிலிருந்து சித்தப்பா அனுப்பும் படங்களிலும் அது மலையைப் பலமுறை கண்டுவிட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் பாடசாலைச் சுற்றுலா ஒன்றில் மாணவர்களுடன் ஹோட்டன் சமவெளியிலுள்ள ‘உலக முடிவு’ என்னும் செங்குத்துப் பள்ளத்தைப் பார்க்கப் போயிருந்தேன். நுழைவாயிலில் பிஸ்கட் பக்கற்றுகளின் பொலித்தீன் உறைகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, குளிரில் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்து பள்ளத்தின் விளிம்புக்குப் போய்ச் சேர்ந்தபோது, பால் ஊற்றியதுபோல எங்கும் மூடுபனி. ஒரு மாணவன் கைத்தொலைபேசியில் இருந்த படத்தை அந்த வெண்மைக்கு நேரே நீட்டிப் பிடித்து, ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னான்: “சேர், இது அந்த இடமில்லை.”

அவனைத் திருத்துவது எனக்கு எளிதாக இருக்கவில்லை. ‘புகைப்படம் வந்ததால்தான் மக்கள் மலைக்குப் போகத் தொடங்கினார்கள்’ என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். ‘படம் உள்ளதை உள்ளபடி காட்டுகிறது, அவ்வளவுதான்’ என்று மறுசாரார் சொல்கிறார்கள். இரண்டும் அரைகுறை உண்மைகள். மலைக்குப் போகும் ஆசை கமராவுக்கு முந்தியது. மலையில் எங்கே நின்று எதைப் பார்க்க வேண்டும் என்பதைப் பொதுவழக்காக்கியதுதான் கமராவின் பெரும்பங்கு. அது எப்படி நடந்தது என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

கமராவுக்கு முந்திய ஆசை

மலைக்குப் போவது நமக்குப் புதிதல்ல. சிவனொளிபாத மலைக்கு ஏறுகிறவர்கள் பல நூற்றாண்டுகளாக ஏறிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அது யாத்திரை. யாத்திரிகர் போவது தெய்வம் இருக்கும் இடத்துக்கு. மூடுபனியாக இருந்தாலும் அவர் போன காரியம் கெடுவதில்லை. உல்லாசப் பயணியோ ஒரு காட்சியைத் தேடிப் போகிறார். மூடுபனி வந்தால் அவருடைய காசு வீண். காட்சிக்காக மட்டும் மலைக்குப் போகும் இந்த வழக்கம் ஐரோப்பாவில் பரவலானது 18ஆம் நூற்றாண்டில்தான். அதற்கு முன் அங்கே பலருக்கு அல்ப்ஸ் மலைகள் கடந்து தொலைக்கவேண்டிய தடையாகவே இருந்தன. கவிஞர்களும் ஓவியர்களும் அந்தப் பார்வையை மாற்றினார்கள். மொன்ற் பிளாங்க் சிகரத்தில் மனிதர் முதன்முதலாக ஏறியது 1786இல். புகைப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதோ 1839இல்.

அந்தக் காலத்து இங்கிலாந்துப் பயணிகள் கையில் ஒரு விசித்திரமான பொருள் இருந்தது. பிரெஞ்சு ஓவியர் குளோட் லொரேனின் பெயரால் ‘குளோட் கண்ணாடி’ எனப்பட்ட அது, சற்றே புடைத்த, கருமை பூசிய சிறிய முகம்பார்க்கும் கண்ணாடி. மலையையும் ஏரியையும் கண்டவுடன் பயணி அவற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, கண்ணாடியை உயர்த்திப் பிடித்து, அதற்குள் தெரியும் சின்னஞ்சிறு ‘ஓவியத்தை’ இரசிப்பார். கவிஞர் தோமஸ் கிரே 1769இல் இங்கிலாந்தின் ஏரிப் பிரதேசத்தில் இந்தக் கண்ணாடியைக் கையில் திறந்து பிடித்தபடி சேற்றுப் பாதையில் மல்லாக்க விழுந்து, விரல்முட்டிகளில் அடிபட்டதைத் தானே குறித்துவைத்திருக்கிறார். புகையிரத வாசலில் தொங்கியபடி தன்னைத்தானே படமெடுப்பவர்களை இக்காலத்துப் பிள்ளைகள் என்று ஏசும் பெரியவர்களுக்கு நான் இந்தக் கதையைச் சொல்வதுண்டு.

ஆக, இயற்கையை ஒரு சட்டத்துக்குள் அடைத்துப் பார்க்கும் பழக்கம் கமராவுக்கு முன்பே இருந்தது. கமரா அந்தச் சட்டத்துக்குள் இருந்ததை நிலையாகப் பதித்தது, பிறகு பெருக்கியது. பதித்தல் முதலில்.

துருசும் முளைநெல்லும்

புகைப்படம் என்பது ஒளியைச் சேர்த்துவைக்கும் வேலை. வயலுக்கு நீர் பாய்ச்சுவதை எண்ணிப் பாருங்கள். குளத்துத் துருசை அகலத் திறந்தால் வயல் விரைவில் நிரம்பும். ஒரு விரற்கடை மட்டும் திறந்தால் அதே நீர் வந்துசேர விடிய விடியக் காத்திருக்க வேண்டும். கமராவின் வில்லைக்குப் பின்னால் உள்ள துளையும் அப்படித்தான். தகட்டின்மேல் ஒளி விழும் கால அளவை ‘ஒளிபடு நேரம்’ என்கிறோம். பக்கத்துப் பாறையும் தூரத்துச் சிகரமும் ஒருசேரத் தெளிவாக விழவேண்டுமானால் துளையைச் சிறிதாக்க வேண்டும். சிறிதாக்கினால் நேரம் நீளும்.

ஒளியைப் பிடித்துவைப்பவை வெள்ளியின் சில சேர்வைகள். வெள்ளி அயடைட்டு பூசிய தகட்டில் ஒளி சிறிது நேரம் விழுந்தால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது; ஆனால் ஒளிபட்ட இடங்களில் நுண்ணிய மாற்றம் நிகழ்ந்திருக்கும். இது ‘மறைபடிமம்’. பிறகு ஒரு திரவத்தை ஊற்றினால் அந்த இடங்கள் மட்டும் கருத்து, படம் வெளிப்படும். நெல்லை ஊறவைத்து முளைகட்டுவதுபோல என்று வைத்துக்கொள்ளலாம்: ஊறியது எது, ஊறாதது எது என்று முதல்நாள் பார்த்தால் தெரியாது, முளைவிட்ட பிறகே தெரியும். கடைசியாக, ஒளிபடாத வெள்ளிச் சேர்வையைக் கழுவி அகற்ற வேண்டும். அகற்றாவிட்டால் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்ததும் முழுத்தகடும் கருத்துவிடும்.

பிரான்சின் லூயி டகேர் 1839இல் வெளியிட்ட முறையில், வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் இரச ஆவியைக் கொண்டு படம் வெளிக்கொணரப்பட்டது. படம் வியப்பூட்டும் துல்லியம் கொண்டது. ஆனால் ஒரே ஒரு பிரதிதான். 1841இல் இங்கிலாந்தின் ஹென்றி ஃபொக்ஸ் டல்பட் காப்புரிமை பெற்ற முறையில், முதலில் தாளில் ஒளியும் இருளும் தலைகீழாக மாறிய படம் கிடைத்தது. இதுதான் ‘நெகற்றிவ்’. சீமெந்துக்கல் அரிபவரின் அச்சைப் போன்றது அது: அச்சு கல்லல்ல, ஆனால் அச்சு ஒன்று இருந்தால் எத்தனை கல்லும் அரியலாம். தாளின் நார்கள் படத்திலும் விழுந்ததுதான் டல்பட் முறையின் குறை.

அப்பத்தட்டும் கண்ணாடித் தகடும்

இந்த இரண்டின் நன்மையையும் சேர்த்தவர் ஃபிரெடரிக் ஸ்கொட் ஆச்சர். அவர் 1851இல் வெளியிட்ட ‘ஈரக் கொலோடியன்’ முறை அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு உலகின் மலைகளைப் படமாக்கியது. ஆகவே இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

கொலோடியன் என்பது பதப்படுத்திய பஞ்சை ஈதரிலும் மதுசாரத்திலும் கரைத்த பாகு. படப்பிடிப்பாளர் கண்ணாடித் தகட்டின் ஒரு மூலையை விரல் நுனிகளில் பிடித்து, நடுவில் பாகை ஊற்றி, நான்கு மூலைகளுக்கும் ஓடும்படி தகட்டைச் சரித்துச் சரித்து, மீதியைக் கடைசி மூலையால் போத்தலுக்குள் வடிப்பார். அப்பச்சட்டியில் மாவை ஊற்றிச் சுழற்றும் கையை நினைத்துக்கொள்ளுங்கள்; ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலிந்தால் அப்பமும் கெடும், படமும் கெடும். பிறகு இருட்டில் அந்தத் தகட்டை வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் சொட்டச் சொட்டக் கமராவில் இட்டு, படமெடுத்து, உடனே இருட்டறைக்குக் கொண்டுவந்து, படத்தை வெளிக்கொணர வேண்டும். பூச்சு காய்ந்தால் வேலை முடிந்தது. பூசியதிலிருந்து எல்லாவற்றுக்குமாகக் கிடைப்பது பத்துப் பதினைந்து நிமிடம்.

வீட்டிலே வேலை செய்பவருக்கு இது தொல்லை. மலை ஏறுபவருக்கோ இது ஒரு படையெடுப்பு. இருட்டறையையே மலைக்குக் கொண்டுபோக வேண்டும். கூடாரம், கண்ணாடித் தகடுகள், இரசாயனப் போத்தல்கள், கழுவுவதற்கு நீர், பெட்டிபோன்ற கமரா, முக்காலி எல்லாம் மனிதர் தலையிலும் கோவேறு கழுதையின் முதுகிலும் போயின. 1861 யூலையில் ஓகுஸ்ற் ரொசாலி பிஸோன் மொன்ற் பிளாங்க் உச்சியில் படமெடுத்தபோது அவருடன் 25 சுமையாளர்கள் ஏறினார்கள். தகடு கழுவுவதற்குப் பனியை விளக்குச் சூட்டில் உருக்கினார்கள். அவ்வளவு பாட்டுக்கும் கிடைத்த படங்கள் மூன்று.

இமயமலையில் சாமுவேல் போர்ன் 1863, 1864, 1866 ஆகிய ஆண்டுகளில் மூன்று நீண்ட பயணங்கள் செய்தார். கடைசிப் பயணத்தில் ஏறக்குறைய 18,600 அடி உயரத்திலுள்ள மணிறங் கணவாயில் படமெடுத்தார். இத்தனை பாடுபட்ட அவரே எழுதியது என்னவென்றால், கமராவின் எல்லைக்குள் அடக்க முடியாத அளவுக்கு இந்த மலைக்காட்சி பெரிது என்பதுதான். கமராவை நன்கு அறிந்தவர் அதன் போதாமையையும் அறிந்திருந்தார்.

சுருக்கமாகச் சொன்னால்: ஒளிபட்ட வெள்ளிச் சேர்வை படமாகிறது, கண்ணாடி நெகற்றிவ் அதைத் தெளிவாகவும் பெருக்கத்தக்கதாகவும் ஆக்குகிறது, ஆனால் ஈரம் காயுமுன் எல்லாம் முடிய வேண்டியிருந்ததால், கூடாரம் அடிக்கவும் சுமையாளர் போகவும் முடிந்த இடங்களிலிருந்தே மலைகள் பதிவாயின.

‘உள்ளதை உள்ளபடி’ என்ற நம்பிக்கை

அக்காலத் தகடுகள் நீல ஒளியைத்தான் நன்கு உணர்ந்தன. பச்சையும் சிவப்பும் அவற்றுக்கு இருட்டுக்குச் சமம். அதனால் காட்டுக்குப் போதிய ஒளி சேரும்வரை காத்திருந்தால் வானம் அளவுக்கு மீறிப் பதிந்து, அச்சில் வெறும் வெள்ளையாக விழும். தூரத்து மலைத்தொடர்களை மூடும் மென்புகையும் நீலச் சாயல் கொண்டதே. ஆகவே கண்ணுக்குத் தெரிந்த தூரத்து மலை, படத்தில் வானத்தோடு கரைந்து காணாமற்போகும். மழை கழுவிவிட்ட காலை நேரத்துக்காகப் படப்பிடிப்பாளர்கள் நாட்கணக்கில் காத்திருந்ததற்கு இதுவே காரணம். இன்றுவரை ‘மலைக்காட்சி’ என்றால் நம் மனம் தெளிந்த காலையைத்தான் எதிர்பார்க்கிறது. அந்த எதிர்பார்ப்பில் தகட்டின் வேதியியலுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

அருவி பஞ்சுபோலத் தெரிந்ததும் இதேபோன்றதுதான். ஒளிபடு நேரம் பல விநாடிகள் நீண்டதால் விழும் நீர் தன் வடிவத்தை இழந்து வெண்திரையானது. நடந்து போகும் மனிதர் பதியவேயில்லை அல்லது பேயுருவாகப் பதிந்தார். வெள்ளை வானத்தைப் பொறுக்காதவர்கள் அதற்கும் வழி கண்டார்கள்: பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே 1850களில் தன் கடற்காட்சிகள் சிலவற்றில் கடலுக்கு ஒரு நெகற்றிவ், முகிலுக்கு வேறொரு நெகற்றிவ் என இரண்டை ஒரே தாளில் அச்சிட்டார். படத்தை ஒட்டுவதும் வெட்டுவதும் கணினியோடு வந்த கெட்ட பழக்கம் என்று எண்ணுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பெருக்கியதும் விற்றதும்

அந்த நாளில் படத்தைப் பெருப்பித்து அச்சிடுவது நடைமுறையில் கடினம். நெகற்றிவைத் தாள்மேல் வைத்து வெயிலில் காட்டியே அச்செடுத்தார்கள்; ஆகவே நெகற்றிவின் அளவே படத்தின் அளவு. பெரிய படம் வேண்டுமென்றால் பெரிய கமரா வேண்டும். கார்ல்ற்றன் வொற்கின்ஸ் 1861இல் கலிபோர்னியாவின் யொசெமிற்றிப் பள்ளத்தாக்குக்கு 18 அங்குலத்துக்கு 22 அங்குலம் அளவான கண்ணாடித் தகடுகளைக் கோவேறு கழுதைகளில் ஏற்றிப் போனார்.

சாதாரண வீடுகளுக்குப் போனவை சிறிய படங்களே. அவற்றுள் மிகவும் பரவியது இரட்டைப் படம். ஒரு விரலை மூக்குக்கு முன்னால் நிறுத்தி, கண்களை மாறி மாறி மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறுவதுபோலத் தோன்றும். இரு கண்களும் சற்றே வேறுபட்ட இரு காட்சிகளைக் காண்கின்றன. மூளை அவற்றைச் சேர்த்து ஆழத்தை உணர்கிறது. இரண்டு வில்லைகளால் எடுத்த இரு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, ஒரு கருவிக்குள் பார்த்தால் அதே ஆழம் கிடைக்கும். அக்கருவிக்கு ‘ஸ்ரீரியோஸ்கோப்’ என்று பெயர். 1851இல் இலண்டன் பெருங்கண்காட்சியில் காட்டப்பட்ட பின் அது நடுத்தர வீடுகளுக்குள் புகுந்தது. நாற்காலியில் இருந்தபடியே பள்ளத்தாக்கின் விளிம்பில் நிற்பதுபோன்ற மயக்கம் மலைக்கு மிகவும் பொருந்தியது.

எது எதைக் கொண்டுவந்தது?

கோழியா முட்டையா என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது. ஆண்டுகளை வரிசைப்படுத்தினால் விடை ஓரளவு தெளிகிறது. அல்பேட் ஸ்மித் என்பவர் மொன்ற் பிளாங்கில் ஏறிய தன் கதையை 1852 முதல் இலண்டன் அரங்கொன்றில் ஆண்டுக்கணக்கில் சொல்லிக் கூட்டம் சேர்த்தார். அவருக்குப் பின்னால் நகர்ந்தவை ஓவியத் திரைகள், புகைப்படங்கள் அல்ல. 1857இல் இலண்டனில் அல்ப்ஸ் ஏறுவோர் கழகம் தொடங்கியது. பயண ஏற்பாட்டாளர் தோமஸ் குக் 1863இல் சுவிற்சர்லாந்துக்குத் தன் முதல் குழுவை அழைத்துப் போனார். அதே ஆண்டளவில்தான் வில்லியம் இங்கிலண்ட் சுவிஸ் மலைகளின் இரட்டைப் படங்களை எடுத்து வெளியிடத் தொடங்கினார். 1871இல் பற்சக்கரப் புகையிரதம் சுவிஸின் ரிகி மலையில் ஏறியது. ஆசை, பாதை, பயண ஏற்பாடு, படம் எல்லாம் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வந்தன. ஒன்றை மட்டும் காரணமாகக் காட்ட முடியாது.

படம் செய்த தனிவேலை வேறு. அது இடத்தைச் சுருக்கியது. ஒரு மலையை ஆயிரம் இடங்களில் நின்று பார்க்கலாம். ஆனால் படம் விற்ற இடம் ஒன்று. அந்தப் படத்தைப் பார்த்தவர் அதே இடத்தைத் தேடி வந்தார். வருபவர்களுக்காக அங்கே பாதை வந்தது, கைபிடிக் கம்பி வந்தது, தேநீர்க்கடை வந்தது. பாதை வந்தபின் அடுத்த படப்பிடிப்பாளரும் அங்கேயே முக்காலியை ஊன்றினார். இப்படி நிலைபெற்ற இடத்தைக் ‘காட்சிமுனை’ என்கிறோம்.

படம் காட்டாததும் ஒன்று உண்டு. வொற்கின்ஸின் யொசெமிற்றிப் படங்கள் அமெரிக்காவின் கிழக்கு நகரங்களில் பேசப்பட்டன. 1864இல் ஆபிரகாம் லிங்கன் கையொப்பமிட்ட சட்டம் அந்தப் பள்ளத்தாக்கைப் பொதுமக்களுக்கென ஒதுக்கியது. படங்களில் அது மனிதர் காலடி படாத இடம்போலத் தோன்றியது. உண்மையில் அங்கே வாழ்ந்த அவானீச்சி மக்களை 1851இல் ஆயுதப்படை விரட்டியிருந்தது. ஏ9 வீதியால் போகிறவர்கள் பஸ் யன்னலால் பார்த்து ‘ஒன்றுமில்லாத காடு’ என்று சொல்லும் நிலத்தில் ஊரும் குளமும் கோயிலும் வைத்திருப்பவர்களுக்கு, இதை நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

நானுஓயா வரை

இலங்கையின் மலைநாட்டில் கதை சற்று வேறு. நுவரெலியா 1820களின் இறுதியில் பிரித்தானியப் படையினர் உடல்தேறும் குளிரிடமாக உருவாக்கப்பட்டது. புகையிரதம் 1867இல் கண்டியையும் 1885இல் நானுஓயாவையும் அடைந்தது. அது வந்தது உல்லாசப் பயணிக்காக அல்ல, தோட்டங்களின் கோப்பியையும் பின்னர் தேயிலையையும் இறக்குவதற்காக. மூட்டைக்குப் போட்ட பாதையில் பயணியும் ஏறிக்கொண்டார். சுயெஸ் கால்வாய் 1869இல் திறந்தபின் கொழும்பில் தங்கிச்சென்ற கப்பல்களில் வந்தவர்கள் ஸ்கீன், ஸ்கோவன், பின்னர் பிளாட்டே ஆகிய ஸ்ரூடியோக்களின் படங்களை வாங்கி அல்பங்களில் ஒட்டிக்கொண்டு போனார்கள். மலை, அருவி, தேயிலைச் சரிவு, கூடையுடன் பெண்கள் என்ற அந்தக் கோவைதான் இன்றைய கலண்டர்வரை வந்திருக்கிறது.

ஈரத்தகட்டின் காலம் 1880களில் முடிந்தது. முன்கூட்டியே பூசிக் காயவைத்த ஜெலற்றின் தகடுகள் கடையில் கிடைத்தன. இருட்டறைக் கூடாரம் தேவையற்றுப்போனது. 1888இல் ஜோர்ஜ் ஈஸ்ற்மனின் கொடாக் கமரா நூறு படங்களுக்கான சுருளோடு வந்தது. அதன்பின் பயணியே படப்பிடிப்பாளர்.

ஒரு பழைய படத்தை வாசித்தல்

இனி உங்கள் கையில் ஒரு பழைய மலைப்படம் கிடைத்தால் வானம் வெறுமையாக இருக்கிறதா, அருவி திரைபோல இருக்கிறதா என்று பாருங்கள். காரணம் இப்போது தெரியும். கீழ்மூலையில் பெரும்பாலும் இடப்பெயரும் ஸ்ரூடியோவின் பெயரும் ஓர் இலக்கமும் இருக்கும். அந்த இலக்கம் விற்பனைப் பட்டியலுக்குரியது. பயணி இலக்கத்தைச் சொல்லிப் படம் வாங்கினார். பாறையருகிலோ தேயிலை நடுவிலோ ஒருவர் அசையாமல் நின்றால், மலையின் பருமனை ஒப்பிட்டுக் காட்டுவதற்காக அவரை அங்கே நிறுத்தியிருக்கவும் கூடும்.

வன்முறைகளுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பங்கள் கிளிநொச்சியில் பல உண்டு. அவர்களுள் எழுபது வயது கடந்த ஒரு அம்மாவிடம் இத்தகைய பழைய தேயிலைத் தோட்டப் படமொன்றின் பிரதியைக் காட்டினேன். அவர் சிகரத்தைப் பார்க்கவில்லை. விரலை முற்றத்தில் ஊர்வதுபோல மெல்ல நகர்த்தி, “இது கான், இது குறுக்குப் பாதை, இதுக்கு மேல லயம் இருக்கணும், படத்துல வரல” என்றார். பிறகு விரல் சரிவின் நடுவே நின்ற மனிதரில் வந்து நின்றது. “இவரு யாருன்னு எழுதியிருக்காங்களா, தம்பி?” என்று கேட்டார். கீழ்மூலையை மறுபடி பார்த்தேன். மலையின் பெயர் இருந்தது, ஸ்ரூடியோவின் பெயர் இருந்தது, இலக்கமும் இருந்தது.